சுவர்ப் பக்கம் திருப்பி வைத்த படகு

கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் படிக்க உட்காராதீர்கள்.

முதலில் ஒரு தப்பை ஒத்துக்கொள்கிறேன். ஜனவரி கடைசியில் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோ போட்டேன். வீட்டு வராந்தாவில் மஞ்சள் நிறக் கயாக், பக்கத்தில் நான் துடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நிற்பேன். "வந்து சேர்ந்தது. நன்றி பிள்ளைகளே" என்று எழுதியிருந்தேன். ஆளாளுக்குக் கைதட்டினீர்கள். அந்தப் போட்டோவில் நீங்கள் பார்த்தது படகின் இடது பக்கத்தை மட்டும்தான். வலது பக்கம் சுவரைப் பார்த்து இருந்தது. அந்தப் பக்கத்தில் நடுவயிற்றில் பெரிய ஒடுக்கு, பின்முனைக்குக் கிட்டே ஒரு சாண் நீளத்துக்கு விரிசல்.

அதற்குப் பிறகு "சார், எப்ப தண்ணியில இறக்கப் போறீங்க?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு காரணம் சொன்னேன். பேத்திக்குப் பரீட்சை என்றேன். முட்டி வலி என்றேன். பரீட்சையும் வலியும் உண்மைதான், ஆனால் அதுவா காரணம்? படகில் ஓட்டை. அதுதான் காரணம்.

சொந்தக்காரர்களுக்கு இந்தக் கயாக் கதை தெரியாது. "இந்த வயசுல இவருக்கு எதுக்கு படகு" என்று தங்கச்சி வீட்டுக்காரர் கேட்டதாகவும் காதில் விழுந்தது. சொல்கிறேன். அரியாங்குப்பம் பக்கம் நான் ஐந்தாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த காலம். துருவப் பகுதி மக்களைப் பற்றி ஒரு பாடம். அப்போது எஸ்கிமோ என்று சொல்லிக் கொடுத்தோம். இனூயிட் என்பதுதான் அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர், இப்போது திருத்திக்கொள்ளுங்கள். கயாக் என்ற சொல்லே அவர்களுடையது. மரம் முளைக்காத ஊர். கடலில் மிதந்து வந்து ஒதுங்கும் கட்டையையும் எலும்பையும் வைத்துச் சட்டம் கட்டி, அதன் மேல் சீல் தோலை இழுத்துத் தைத்துவிடுவார்கள். தைப்பது பெண்கள். ஊசி தோலை முழுக்கத் துளைத்து மறுபக்கம் வராமல், பாதிக் கனத்திலேயே திரும்பும்படி தைப்பார்கள். அப்போதுதான் தையல் வழியே தண்ணீர் ஏறாது. இதைச் சொல்லிவிட்டு, ஆர்வக் கோளாறில், "நானும் ஒருநாள் இந்த மாதிரி படகுல ஏறி நம்ம ஆத்துல போவேன் பாருங்கடா" என்று சொல்லியிருக்கிறேன். எனக்கு அது சுத்தமாக மறந்துவிட்டது. அந்த வகுப்பு மறக்கவில்லை. இந்தப் பொங்கலுக்கு எல்லோரும் கூடியபோது பொன்னாடைக்குப் பதில் ஒரு படத்தைக் கையில் கொடுத்து, "சார், இது உங்களுக்கு பார்சல்ல வருது" என்றார்கள். நான் அழுததை வீடியோ எடுத்து வைத்திருக்கிறீர்கள், அதை இங்கே போட வேண்டாம்.

பார்சல் ஒரு சாயங்கால நேரம் வந்தது. விளக்கு வைக்கிற நேரம். குட்டி யானையில் இரண்டு பையன்கள். பத்தடி நீளத்தில் அட்டையும் பபுள் கவரும் சுற்றிய ஒரு பெரிய உருவம். தெருவே வேடிக்கை பார்த்தது. "சார், சீக்கிரம் ஒரு கையெழுத்து, இன்னும் நாலு எடம் போவணும்" என்று ஒரு தாளை நீட்டினான். பாவம், வியர்த்து ஊற்றுகிறது பையனுக்கு. போட்டேன். அவர்கள் போன பிறகு சமையல்கட்டுக் கத்தியை எடுத்து வந்து நானும் வீட்டம்மாவும் பிரித்தோம். பிரித்ததும் அவள்தான் முதலில் பார்த்தாள். "என்னங்க, இங்க கீறியிருக்கு" என்றாள். கீறல் இல்லை, விரல் நகம் உள்ளே போனது.

மறுநாள் பார்சல் ஆபீசுக்குப் போன் செய்தேன். எந்தக் கம்பெனி என்று எழுதப் போவதில்லை. எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "சார், 'சரக்கை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்'னு நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்களே" என்றார். நகலை எடுத்துப் பார்த்தேன். ஆமாம். ஆங்கிலத்தில், எறும்பு ஊர்வது மாதிரி எழுத்தில், அப்படித்தான் இருந்தது.

இதில்தான் எனக்கு வாய் அடைத்துப் போனது. பரீட்சைத் தாளைக் கொடுக்கும் முன் இரண்டு முறை படி, படிக்காமல் பெயர் எழுதாதே என்று முப்பத்தைந்து வருஷம் கத்தியவன் நான். உங்களில் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்! "உக்காந்து படிச்சிட்டு வா." அந்த வாத்தியார் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து நிற்கிறான். இதை உங்களிடம் எப்படிச் சொல்வது? நீங்கள் எல்லோரும் சேர்ந்து காசு போட்டு வாங்கியது. பெரிய கம்பெனியில் இருப்பவனும் போட்டிருக்கிறான், நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் மீன் விற்கும் பெண்ணும் போட்டிருக்கிறாள். பில்லை ஒளித்துவைத்திருந்தீர்கள், ஆனால் பொட்டலத்தோடேயே ஒரு நகல் வந்துவிட்டது. அந்தத் தொகையைப் பார்த்த பிறகு சொல்லவே நா எழவில்லை. படகைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துப் போட்டோ எடுத்தேன்.

நானே சரி செய்துவிடலாம், சரியான பிறகு சிரித்துக்கொண்டே சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் கணக்குப் போட்டேன். முதலில் ஹார்டுவேர் கடையில் எம்-சீல் வாங்கினேன். குழாய் ஒழுகினால் அதுதானே நமக்குத் தெரிந்த வைத்தியம். பிசைந்து அப்பினேன். காய்ந்து கல் மாதிரி ஆனது. இரண்டு நாள் கழித்துத் தட்டினேன், முழுசாகக் கையோடு வந்துவிட்டது, காய்ந்த சாணி வறட்டி சுவரிலிருந்து வருகிற மாதிரி. பிறகு சின்ன டியூபில் வரும் பசைகள். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, இரண்டு விரல் ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

அடுத்து எனக்கு ஒரு பெரிய யோசனை வந்தது. படகு ரிப்பேர் என்றால் படகுக்காரர்களிடம்தானே போக வேண்டும்? வீராம்பட்டினத்தில் நம் பழைய மாணவன் ஒருவன் ஃபைபர் போட்டு வைத்திருக்கிறான். அவன் மூலமாகப் படகுப் பட்டறைக்குப் போனேன். அவன் அப்பா காலத்தில் கட்டுமரம். நாலைந்து கட்டைகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டுவது, அவ்வளவுதான். ஒரு கட்டை பழுதானால் கயிற்றை அவிழ்த்து வேறு கட்டை வைத்துக் கட்ட வேண்டியதுதான். ஓட்டை விழுந்து முழுகிவிடுமோ என்ற பேச்சே இல்லை, ஏனென்றால் தண்ணீர் புகுவதற்கு உள்ளே இடமே கிடையாது. இங்கிலீஷ்காரன் கேட்டமரான் என்று சொல்வது நம்முடைய இந்தக் கட்டுமரத்தைத்தான், ஆனால் அவன் அந்தப் பெயரை இரட்டை உடம்புப் படகுக்கு வைத்துவிட்டான். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்து குவிந்தது ஃபைபர் படகுகள்தான். இன்றைக்கு நம் கடற்கரையில் கட்டுமரத்தைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நான் போனது மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த இரண்டு மாதத்தில்தான் படகுகளுக்கு வைத்தியம் நடக்கும். பட்டறை முழுக்க வேலை. ரெசின் நெடி மூக்கைத் துளைக்கிறது. கண்ணாடி இழைப் பாயை வெட்டி வைத்து, ரெசினில் கொஞ்சம் கேட்டலிஸ்ட் கலந்து, பிரஷ்ஷால் குத்திக் குத்தி ஊற வைக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் சூடேறி இறுகிவிடுகிறது. ஒரு முறை இறுகினால் இறுகினதுதான், மறுபடி உருகாது. அந்த வேலைக்காரர் என் கயாக்கைப் பார்த்ததுமே, தொட்டுக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "சார், இது நம்ம போட்டு இல்ல. இது வேற பிளாஸ்டிக்கு. நம்ம மருந்து இதுல புடிக்காது."

நான் கேட்டேனா? வாத்தியார் ஆயிற்றே. "உப்புத்தாள் போட்டு நல்லா சொரசொரப்பா தேச்சா புடிக்கும், போடுங்க" என்று அவருக்கே பாடம் எடுத்தேன். என் மாணவன் பக்கத்தில் நின்றதால் அவரும் மறுத்துப் பேசவில்லை. தேய்த்தார், இரண்டு அடுக்கு போட்டுக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. "ஒட்டுனா குடுங்க சார்" என்றார். மறுநாள் மத்தியானம் வெயிலில் அந்த ஒட்டு ஓரத்தில் சுருண்டு நின்றது. பிடித்து இழுத்தேன். அப்பளம் மாதிரி ஒரே துண்டாக வந்தது. தன் வேலையை அறிந்தவர் ஒருவர் ஒட்டாது என்று சொன்ன பிறகும் ஒட்டச் சொன்னவன் நான். அவரிடம் போய் அந்தத் துண்டைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். "வுடுங்க சார்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

நான் ஓய்ந்து உட்கார்ந்திருந்த ஒரு நாள் வீட்டம்மா மாடியில் துணி காயப் போட்டுவிட்டு இறங்கி வந்தாள். காலி வாளியை வராந்தாவில் வைக்கும்போது வாளி கயாக்கில் இடித்தது. 'தொம்' என்று ஒரு சத்தம். நின்றாள். விரலை மடக்கி இன்னொரு முறை தட்டினாள். "இது நம்ம மாடியில இருக்கற சின்டெக்ஸ் டேங்க் சத்தம்" என்றாள்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். மாடிக்குப் போய் டேங்கைத் தட்டினேன், கீழே வந்து கயாக்கைத் தட்டினேன். ஒரே குரல். அன்று ராத்திரி பேரனின் உதவியோடு தேடிப் படித்தேன். சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான். பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கை மாவு மாதிரி பொடித்து, உள்ளே குடைவான உலோக அச்சில் கொட்டி மூடி, பெரிய அடுப்புக்குள் வைத்து மெதுவாக எல்லாப் பக்கமும் சுழற்றுகிறார்கள். மாவு உருகி அச்சின் உள்சுவர் முழுக்கச் சமமாக ஒட்டிக்கொள்கிறது. ஆற வைத்து அச்சைத் திறந்தால் இணைப்பே இல்லாத ஒற்றைக் கூடு. அச்சு உருளையாக இருந்தால் தண்ணீர்த் தொட்டி, நீளமாக இருந்தால் கயாக். தோசை மாவை ஊற்றிச் சட்டியைச் சுழற்றி ஆப்பம் சுடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆப்பச் சட்டியை எல்லாத் திசையிலும் உருட்ட முடிந்தால் பந்து மாதிரி ஆப்பம் வரும் அல்லவா, அதுதான்.

இந்தப் பிளாஸ்டிக்கின் மேல்தோல் மெழுகு மாதிரி. சாதாரணப் பசை எதுவும் அதைச் சரியாகப் பற்றிக்கொள்ளாது. ஆனால் ஃபைபருக்கு இல்லாத ஒரு குணம் இதற்கு உண்டு. சூடு காட்டினால் மறுபடி உருகும். ஆகவே ஒட்டக் கூடாது, உருக்கித்தான் சேர்க்க வேண்டும். எல்லாம் படித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் உறைத்தது: "டேங்க் ஒட்டறதேய்... வாட்டர் டேங்க் ஒட்டறது!" என்று மாதம் ஒரு முறை நம் தெருவில் மொபெட்டில் கத்திக்கொண்டு போகிறாரே ஒருவர், அவர் செய்வது இதைத்தான்.

அவருக்காக ஒன்பது நாள் காத்திருந்தேன். மருந்து சாப்பிட்டுவிட்டுத் தூங்காமல் வாசலில் உட்கார்ந்திருந்தேன். பத்தாவது நாள் குரல் கேட்டது. செருப்புக்கூடப் போடாமல் ஓடிப் போய் நிறுத்தினேன்.

அவர் கயாக்கைச் சுற்றி வந்தார். குனிந்து விரிசலைப் பார்த்தார். மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டுத் தடவினார். பிறகு தலையைச் சொறிந்தார். "வேலை நம்ம வேலைதான் சார். ஆனா டேங்க்குல தப்பு பண்ணுனா தண்ணிதான் ஒழுகும். இதுல தப்பு பண்ணுனா ஆளு முழுகிடுவாரே" என்றார். நீச்சல் தெரியும், லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொள்வேன், ஆற்றில்தான் போவேன், பக்கத்தில் துணைப்படகு வரும் என்று நான் அவரிடம் ஒவ்வொன்றாகச் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. இதையெல்லாம் என் மகன்கூட என்னிடம் கேட்கவில்லை.

அன்று அவர் செய்த வேலையைச் சொல்லாமல் இந்தப் பதிவை முடிக்க மாட்டேன். முதலில் விரிசலின் இரண்டு முனையிலும் டிரில்லால் சின்னதாக ஒவ்வொரு துளை போட்டார். ஓட்டை அடைக்க வந்தவர் ஓட்டை போடுகிறாரே என்று பார்த்தேன். "இது இல்லாட்டி கீறல் ஓடிக்கிட்டே இருக்கும் சார். உருண்டையா ஓட்டை இருந்தா அங்க நின்னுடும்" என்றார். விரிசலின் கூர்முனையில்தான் இழுவிசை முழுதும் போய்க் குவிகிறது, வட்டத் துளை அதை நாலாபக்கமும் பகிர்ந்துவிடுகிறது. புத்தகத்தில் இதற்குப் பெயர் உண்டு. அவருக்குப் பெயர் தேவைப்படவில்லை.

பிறகு நான் தேய்த்து வைத்திருந்த அழுக்கு, பசை, ரெசின் மிச்சம் எல்லாவற்றையும் பிளேடால் சுரண்டினார். "எவன் சார் இதுல இவ்ளோ கண்ட்ராவிய பூசுனது?" என்று கேட்டார். வீட்டம்மா உள்ளே போய்ச் சிரித்தாள். விரிசலை நெடுக 'வி' மாதிரி அகலப்படுத்திக்கொண்டார். பையிலிருந்து கறுப்பு நிறத்தில் குச்சி குச்சியாக எடுத்தார், பழைய டேங்கிலிருந்து வெட்டிய பட்டைகள். மஞ்சள் கிடைக்காதா என்றேன். "டேங்க் கறுப்புதானே சார்" என்றார். அதுவும் நல்லதற்குத்தான். டேங்குப் பிளாஸ்டிக்கில் கரித்தூள் சேர்ப்பதே வெயில் அதைச் சீக்கிரம் நொறுக்காமல் இருக்கத்தான்.

கையில் சூட்டுக்காற்றுத் துப்பாக்கி. காற்றைக் குச்சி மேல் மட்டும் காட்டாமல் படகின் மேலும் சேர்த்துக் காட்டுகிறார். இரண்டும் ஒரே நேரத்தில் வியர்த்த மாதிரி மினுமினுக்க வேண்டுமாம். குச்சி மட்டும் உருகி, அடிப்பக்கம் சூடேறாமல் இருந்தால் பார்க்க ஒட்டினது போலவே இருக்கும், பத்து நாளில் உரிந்துவிடும். சூடு அதிகமானால் படகின் தோல் ஓட்டையாகிவிடும், ஏனென்றால் டேங்கைவிட இது மெல்லிசு. முகத்தை அருகில் கொண்டுபோய், கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஒரு அங்குலம், இன்னொரு அங்குலம். நடுவில் ஒரு போன் வந்தது, எடுக்கவில்லை. நிரப்பி முடித்ததும் துருப்பிடிக்காத கம்பி வலையில் ஒரு துண்டு வெட்டி மேலே வைத்து, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் அழுத்தி உள்ளே புதைத்தார். அதன் மேல் இன்னொரு பூச்சு. ஆற வைக்கத் தண்ணீர் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். "ஐயையோ, தானா ஆறணும் சார், இல்லாட்டி மறுபடி வெடிக்கும்" என்று பதறிவிட்டார்.

கூலி எண்ணூறு சொன்னார். கொடுக்கப் போனபோது வாங்கவில்லை. "தண்ணி புடிச்சுப் பாருங்க. அடுத்த வாரம் வரும்போது வாங்கிக்கறேன்." ஃபைபர்காரரும் இதையேதான் சொன்னார் என்று நினைத்துக்கொண்டேன். பார்சல்காரர்தான் முதலிலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

சோதனை சுலபம். வெளியிலிருந்து தண்ணீர் உள்ளே வருமா என்று பார்ப்பதும், உள்ளே ஊற்றி வெளியே வருமா என்று பார்ப்பதும் ஒன்றுதான். கயாக்கின் மூக்கைத் திண்ணை மேல் தூக்கி வைத்து, பின்பக்க மூடி வழியாகப் பத்து வாளி ஊற்றினேன். அடியில் பழைய செய்தித்தாளைப் பரப்பி வைத்தேன். ராத்திரி மூன்று முறை எழுந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். காலையில் காகிதம் நான் விரித்த மாதிரியே இருந்தது.

ஒடுக்கை நிமிர்த்த யாரும் தேவைப்படவில்லை, கத்திரி வெயில் போதுமாக இருந்தது. இந்தப் பிளாஸ்டிக்குக்குத் தான் பிறந்த உருவம் நினைவிருக்கும், சூடு கொடுத்தால் அதற்கே திரும்பப் பார்க்கும். மொட்டை மாடியில் ஒடுக்கின் மேல் கறுப்புத் துணியைப் போட்டு மூன்று மத்தியானம் வைத்தேன். மூன்றாம் நாள் கொதிக்கிற வெந்நீரையும் மேலே ஊற்றி, ஒட்டடைக் கம்பின் முனையில் துணியைச் சுற்றி, நடு மூடி வழியாக உள்ளிருந்து அழுத்தினேன். 'டொப்' என்று வெளியே வந்தது. எதிர்வீட்டு நாய் குரைத்தது. முழுசாகப் போய்விடவில்லை, அம்மைத் தழும்பு மாதிரி லேசாகத் தெரியும்.

இனி சட்டம். இது உங்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். நம் மாணவி ஒருத்தி இங்கே கோர்ட்டில் வக்கீல். அவளிடம் கடைசியில் சொன்னபோது, "சார், அப்பவே சொல்லியிருக்கலாமே" என்று என்னைத் திட்டிவிட்டுத்தான் ஆரம்பித்தாள். சாலை வழியே சரக்கு எடுத்துப் போகிறவர்களுக்கு 2007-ல் ஒரு சட்டம் வந்திருக்கிறது. 1865-ல் வெள்ளைக்காரன் போட்ட பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்தது. இயற்கைச் சீற்றம், போர், கலவரம் போன்ற காரணங்கள் தவிர, வழியில் சரக்குக்கு ஏற்படும் சேதத்துக்கு எடுத்துப் போகிறவர்தான் பொறுப்பு. கூடுதல் கட்டணம் கட்டியிராவிட்டால் அந்தப் பொறுப்புக்கு ஒரு வரம்பு உண்டு. வழக்குப் போட வேண்டுமானால், சரக்கைப் புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். நம் சரக்கு புக்கிங் ஆனது ஜனவரி 20. காலண்டரை வைத்துக்கொண்டு விரல் விட்டு எண்ணினேன், ஜூலை 19 கடைசி நாள். மே மாதம் நாலாவது வாரமே ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் போய்விட்டது. நான் போட்ட கையெழுத்து நம் பக்கத்துக்கு ஓட்டைதான், ஆனால் அதனால் கதை முடிந்துவிடாது என்கிறாள். பார்ப்போம். பதில் வரவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். பெரிய பார்சல் வந்தால் கொண்டுவந்தவர் எதிரிலேயே பிரியுங்கள். அவசரம் என்றால் அந்தத் தாளிலேயே "பிரித்துப் பார்க்காமல் வாங்கினேன்" என்று உங்கள் கையால் எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டு, போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தகராறு வந்தால் நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

ஜூன் முதல் வாரத்தில் ஒரு விடியற்காலை கயாக்கை அரியாங்குப்பம் ஆற்றில் இறக்கினோம். வீராம்பட்டினத்து மாணவன் தன் படகில் துணைக்கு வந்தான். கடல் தண்ணீர் ஆற்றுக்குள் ஏறுகிற நேரம் பார்த்துத்தான் இறக்கினான், போகும்போது தண்ணீரே தள்ளிக்கொண்டு போய்விடும் என்று. முதல் ஐந்து நிமிஷம் நான் துடுப்பே போடவில்லை. கையைப் பின்னால் விட்டு அந்தக் கறுப்பு ஒட்டைத் தடவிக்கொண்டே இருந்தேன். "சார், முன்னாடி பாருங்க சார்!" என்று அவன் கத்தினான். நான் அவனை வகுப்பில் எத்தனை முறை அப்படிக் கத்தியிருப்பேன்!

அரிக்கமேட்டுக் கரையோரம் போனோம். உங்களை இலந்தைப் பழம் பொறுக்கவும் பானை ஓடு பார்க்கவும் கூட்டிக்கொண்டு போன அதே மேடுதான். ஆற்றிலிருந்து அதைப் பார்த்தது எனக்கு இதுதான் முதல் முறை. 1945-ல் வீலர் தோண்டினார், அடுத்து கசால், பிறகு 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி. ரோமாபுரிப் பக்கத்திலிருந்து மதுவும் எண்ணெயும் கொண்டுவந்த கூரடி ஜாடிகளின் துண்டுகள் கிடைத்த இடம். இத்தனை தூரம் கப்பலில் வந்ததில் எத்தனை ஜாடி வழியிலேயே உடைந்திருக்கும்! இறக்கி வாங்கினவர் தட்டிப் பார்த்து வாங்கியிருப்பாரா, என்னை மாதிரி வாங்கியிருப்பாரா என்று நினைத்து எனக்கு நானே சிரித்துக்கொண்டேன்.

திரும்பி வந்து மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. டேங்க்காரருக்குப் போன் போட்டேன். வந்தார், எண்ணூறை வாங்கிக்கொண்டார், தன் ஒட்டைத் தானே போட்டோ எடுத்துக்கொண்டார்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. அந்த வகுப்பில் ஒரு பையன் பள்ளியின் உலக உருண்டையைக் கீழே போட்டு உடைத்துவிட்டான். உடைந்த பக்கத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு ஒரு மாதம் சொல்லாமல் இருந்தான். கண்டுபிடித்த அன்று அவனை எல்லோருக்கும் முன்னால் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தினேன். உடைத்ததற்கு இல்லை, மறைத்ததற்கு என்று பெரிதாக ஒரு பிரசங்கமும் செய்தேன். யார் என்று அவனுக்குத் தெரியும், இப்போது பாரிசில் இருக்கிறான். கயாக்குக்குப் பணம் திரட்டியதே அவன்தான். இந்தப் பதிவை எழுதும் முன் அவனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். உருண்டை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்கு சார். ரெண்டு பீரியடு" என்றான்.

மன்னிச்சுக்கோப்பா என்றேன். கொஞ்ச நேரம் அவன் ஒன்றும் பேசவில்லை. பின்னால் மெட்ரோ போகும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "இப்ப தண்ணி உள்ள வருதா சார்?" என்று கேட்டான். வரவில்லை என்றேன்.

வலது பக்கம் தெரியும்படி எடுத்த போட்டோவைக் கீழே போட்டிருக்கிறேன். மஞ்சளில் கறுப்பாக ஒரு சாண் நீளத்துக்குத் தெரிவதுதான் ஒட்டு. புதுச்சேரிக்கு வருகிறவர்கள் வாருங்கள், ஒருவர் ஒருவராக ஏறலாம். மாற்றுத் துணி எடுத்து வாருங்கள். உட்கார்ந்ததும் அடியிலிருக்கும் சின்னச் சின்னத் துளை வழியாகத் தண்ணீர் ஏறி உட்காரும் இடம் நனையும். அது ஓட்டை இல்லை, இந்த வகையை அப்படித்தான் செய்கிறார்கள். பயந்து கத்தாதீர்கள், நான் ஏற்கனவே கத்திவிட்டேன்.